ஜெபம் பண்ணியாச்சு, அடுத்து என்ன?

கல்யாணமாகி தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்த புதிதில், ஊர் பிடிபடும் முன்பே சபை பிடிபட்டுவிட்டது. அதே கீர்த்தனை, அதே பழைய மொழிபெயர்ப்பு பைபிள், "ஸ்தோத்திரம்" சொல்லும்போது வரும் இழுவைகூட அதேதான். மற்றதெல்லாம் புதுசு. இந்த ஊர்ப் பணமான ரிங்கிட்டை வெள்ளி என்கிறார்கள், ரப்பர் மரம் பார்க்கலாம் என்று வந்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை, வருஷா வருஷம் இங்கே தங்குவதற்கான பாஸ் புதுப்பிக்க இமிகிரேஷனுக்குப் போனால் வீட்டுக்காரரும் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்து உட்கார வேண்டும்.

வியாழன் இரவு வீட்டு ஜெபக் கூட்டம். தோட்டத்து லயத்தை (வரிசை வீடுகளை) விட்டுத் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்தவர்கள், வேலை பெர்மிட்டில் வந்து செம்பனைக் குலை வெட்டும் நம்மூர்ப் பையன்கள் ஒன்றிரண்டு பேர், அப்புறம் நான். ஜெபக் குறிப்பு எழுத ஒரு நோட்டு உண்டு, அதை எழுதும் வேலை எனக்கு வந்தது. பழைய பக்கங்களைப் புரட்டினால் சம்பளப் பாக்கி, கால் வீக்கம், மகனுக்கு வேலை என்று அதே பெயர்கள், அதே பாரங்கள், மாதக்கணக்காக. "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு" என்ற 55ஆம் சங்கீதத்தைச் சொல்லிக் கூட்டத்தை முடிப்போம், தேத்தண்ணீர் வரும், கலைந்துவிடுவோம். அந்த வசனத்தின்மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. வைத்துவிட்டுச் சும்மா இருந்துகொள் என்று அதில் எங்கே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

அந்த நாட்களில் பைபிளில் நெகேமியா புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். நெகேமியாவும் அந்நிய தேசத்தில் இருந்தவர்தான், சூசான் அரண்மனையில் பெர்சிய ராஜாவுக்குப் பானபாத்திரக்காரர். எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்து கிடப்பதைக் கேட்டதும் உட்கார்ந்து அழுதார், உபவாசம் இருந்தார். இதுவரை நாமும் செய்வோம். நாலு மாதம் கழித்து ராஜா "என்ன வேண்டும்" என்று கேட்கிறார். நெகேமியா மனசுக்குள் ஒரு ஜெபம் பண்ணிவிட்டு மளமளவென்று கேட்கிறார் பாருங்கள்: போக அனுமதி, வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதம், வாசல் கதவுகளுக்கு மரம் தரச் சொல்லி வனத்துக் காவலன் ஆசாபுக்குத் தனியாக ஒரு கடிதம். அழுத நாட்களிலேயே கணக்குப் போட்டிருக்கிறார் மனுஷர்! எதிரிகள் வரும்போதும் ஜெபம் பண்ணி, கையோடு இராப்பகலாகக் காவல் வைக்கிறார். 52 நாளில் அலங்கம் எழும்பிவிட்டது.

நெகேமியாவுக்கு முன்பு எருசலேமுக்குப் போன வேதபாரகர் எஸ்றாவோ, தேவன் காப்பார் என்று ராஜாவிடம் சொல்லிவிட்டேனே, இனி வழித்துணைக்குச் சேவகரைக் கேட்க வெட்கமாக இருக்கிறது என்று உபவாசம் பண்ணிவிட்டுப் புறப்பட்டார், பத்திரமாகப் போயும் சேர்ந்தார். அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது அவர் தன் பயணத்துக்கு எடுத்த முடிவு. அடுத்தவன் வலிக்கு நாம் எஸ்றாவாக இருந்துவிடுவது ரொம்ப சுலபம்.

ஒரு வியாழன் ராமநாதபுரத்துத் தம்பி ஒருவன் வலது கையை மோட்டார் துடைக்கும் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான். செம்பனை முள் நடுவிரல் கணுவில் குத்தி உள்ளேயே முறிந்திருந்தது. விரல் மடங்கவில்லை, தோல் பளபளவென்று நீலமாகியிருந்தது. "வெளிய சொன்னா பெர்மிட்டை வெட்டிருவாங்கக்கா, ஜெபம் மட்டும் பண்ணுங்க" என்றான். அவனை வேலைக்கு வைத்த குத்தகைக்காரர் மாத்திரை வாங்கிக் கொடுத்ததோடு சரி.

ஜெபம் பண்ணினோம். ஆமென் சொன்னதும், தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு பாட்டி, "கிளினிக்குக்கு யாரு கூட்டிப் போறது?" என்று கேட்டுவிட்டார். அவருக்கு அந்தப் பழக்கம் அப்பா காலத்திலிருந்தே உண்டு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுத் துண்டாடியபோது, இந்த ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுகிறவர்களின் காசிலேயே தோட்டம் வாங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டிய ஆட்களில் பாட்டியின் அப்பாவும் ஒருவர். "கட்டிட்டுத்தான் எங்கப்பா கும்பிடுவாரு" என்பார் பாட்டி.

மறுநாள் கிளினிக்கில் முள்ளை எடுத்து எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கொடுத்தார்கள். தொழிலாளர் காப்புறுதி நிறுவனமான சொக்சோ பற்றி வீட்டுக்காரர்தான் விசாரித்தார். 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலையிடத்து விபத்துக் காப்பு உண்டு, விபத்து நடந்து 48 மணி நேரத்துக்குள் முதலாளி தெரிவிக்க வேண்டும், நாலு நாளோ அதற்கு மேலோ எம்.சி. என்றால் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை கிடைக்கும். தம்பிக்கு இதில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. சபையிலும் பாதிப் பேருக்குத் தெரியாது. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதே சட்டப்படி தப்பு என்பதும் அப்படித்தான்.

அவனையும் கூட்டிக்கொண்டு ஈப்போ சொக்சோ அலுவலகம் போய்வந்தோம். ஆட்களுக்கு வீண் ஆசை காட்டுகிறேன் என்று சபையில் ஒருவர் வருத்தப்பட்டார். இருக்கட்டும். நோட்டில் இப்போது ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டிருக்கிறேன், யார் கூடப் போகிறார்கள் என்று எழுத. தம்பியின் பெயருக்கு எதிரே என் பெயர். சொக்சோவுக்கான குத்தகைக்காரரின் கையெழுத்து இன்னும் பாக்கி, அதை வாங்கப் பாட்டியும் வருகிறேன் என்றிருக்கிறார்.