சலங்கையைக் கழற்றிய பின் பாதங்களுக்குப் பத்து நிமிடம்

பரதநாட்டியப் பயிற்சி முடிந்து சலங்கையைக் கழற்றியதும், கணுக்காலில் பதிந்த பட்டையின் தடத்தைத் தேய்த்துவிட்டு உடனே எழுந்துவிடாதீர்கள் என்று என் மாணவிகளிடம் நாள்தோறும் சொல்கிறேன். வெறுங்காலுடன் தட்டடவை (பாதத்தைத் தரையில் தட்டி ஆடும் அடிப்படை அசைவை) மூன்று காலங்களில், அதாவது மூன்று வேகங்களில், ஆடும்போது, 26 எலும்புகளைக் கொண்ட ஒவ்வொரு பாதமும் தரையின் அதிர்வை நேரடியாகத் தாங்குகிறது.

தரையில் அமர்ந்து, ஒரு பாதத்தை மறு தொடையின் மேல் வைத்து, வெதுவெதுப்பான நல்லெண்ணெயைச் சிறிது தடவி, கையின் கட்டைவிரலை மடக்கியும் நீட்டியும், புழு ஊர்வதைப் போலக் குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை மெல்ல நகர்த்த வேண்டும். உள்வளைவில் கயிறு போலத் தட்டுப்படும் இடத்தில் மட்டும் மூன்று மூச்சு நேரம் அழுத்தி நிறுத்துங்கள். குதித்து மெட்டடவு (முன்பாதத்தில் குதித்து, பின் குதிகாலைத் தட்டும் அசைவு) ஆடுபவர்கள் கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சுழற்றுவது மிகவும் அவசியம், ஏனெனில் அதில் உடலின் எடை முழுவதும் முன்பாதத்தில் இறங்குகிறது.

1930களில், பாத அழுத்த சிகிச்சையைப் (ரிஃப்ளெக்ஸாலஜி) பரப்பிய அமெரிக்கரான யூனிஸ் இங்காம் வகுத்த பாத வரைபடம், உள்ளங்காலின் புள்ளிகளை உடலின் உறுப்புகளோடு இணைக்கிறது. அதை நான் நோய் தீர்க்கும் வழியாகக் கருதவில்லை. தசை தளர்வதும், தன் பாதத்தைத் தானே தொட்டு அறிவதுமே எனக்குப் பெரிது. ஒரே புள்ளியில் எலும்பு வலித்தால், அழுத்துவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எண்ணெயை நன்றாகத் துடைக்காமல் மீண்டும் ஆடத் தொடங்காதீர்கள்.