தை மாதத்தில் கேட்டது

“இந்தச் சரிவு மட்டும் போதும் சார். பனி இறங்கின பிறகு சருகைக் கொளுத்தினா முழங்காலுக்கு மேல தீ எழும்பாது. நான் கூடவே நிக்கிறேன்.”

தையில், காட்டுத்தீ தாண்டாமல் இருக்க ஃபயர் லைன் வெட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் வனத்துறை வாட்சர் பெரியவர் இப்படிக் கேட்டார். “மேலே எழுதிக் கேக்கிறேன் பெரியவரே” என்றேன். எழுதவில்லை.

சரணாலயத்துக்குள் தீ வைப்பதை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு தடுக்கிறது. அதை மீறி நான் சரி என்று சொல்லியிருக்க முடியாது. காற்று திரும்பி ஒரு ஆள் மாட்டிக்கொண்டால் அந்த உயிருக்கு யார் பதில் சொல்வது? இதெல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு கடிதம் எழுதுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லையே.

பங்குனிக் கடைசியில் அந்தச் சரிவு எரிந்தது. சருகில் ஊர்ந்து வந்த தீ உண்ணி என்கிற லன்டானா புதரைப் பிடித்து, அது வழியாக மரத்தின் தலைக்கு ஏறிவிட்டது. பச்சைக் கிளையால் அடித்தே இரண்டு நாளில் அடக்கினோம்.

சூடு ஆறிய பிறகு பெரியவர் என்னை ஒரு வேங்கையிடம் கூட்டிப்போனார். கொடுவாள் நுனியால் கரியான பட்டையைச் சுரண்டினார். விரல் கனத்துக்கு உள்ளே ஈரம், சிவப்பாகப் பால் கசிந்தது. அடுத்த மரத்தை உண்ணி சுற்றிக்கொண்டிருந்தது. அதையும் சுரண்டினார். எவ்வளவு உள்ளே போயும் பழுப்புதான், பொடிப்பொடியாக உதிர்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

இந்த மாதிரிக் காடுகளுக்குத் தீ புதிதல்ல. அந்தத் தடித்த பட்டையே அதற்குச் சாட்சி. கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடிகள் கோடையின் தொடக்கத்திலேயே சருகுக்குத் தீ வைத்துவந்தார்கள். 1974-இல் சரணாலயம் வந்ததும் அது நின்றது. அதன் பிறகுதான் உண்ணி காட்டை மூடியது என்கிறார்கள் அவர்கள். பெரியவர் கேட்டதும் அதே சின்னத் தீயைத்தான்.

ஆனால் அவர் அப்பா காலத்துக் காட்டில் இவ்வளவு உண்ணி இல்லையே. இன்றைக்கு அதே தீயை வைத்தால் முழங்காலோடு நிற்குமா? எரிந்த உண்ணி மழைக்கு அடிவேரிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும். வருஷாவருஷம் எரித்தாலோ கன்றுகள் தலையெடுக்காது. அப்படியானால் நான் எழுதாமல் விட்டதே சரியா? சில ராத்திரிகளில் அப்படி நினைத்துத்தான் தூங்குகிறேன். விடிந்ததும் அந்தப் பழுப்புப் பட்டை ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

இந்தத் தையில் அவர் கேட்கவில்லை. நானாகவே எழுதினேன்: முதலில் உண்ணியை வேரோடு எடுப்பது, அப்புறம் அனுமதியோடு சிறு துண்டில் எரித்துப் பார்ப்பது. அனுப்பும் முன் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

“உண்ணியை எடுத்து முடிக்க எத்தனை வருஷம் ஆகும் சார்?” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. கடிதத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.