சிக்னலில் மட்டும் கேட்கும் சத்தம்

5 ஜனவரி 2024, வெள்ளி

விஜயநகர் சிக்னலில் காரோடு நிற்கும்போதுதான் முதலில் கேட்டது. டொக் டொக் டொக். பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோவின் சத்தம் என்று நினைத்தேன். ஆட்டோ போன பிறகும் கேட்டது. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் காணோம். காலை எடுத்தால் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது.

வண்டி 1997 மாருதி 800. ஏசி கிடையாது, கார்புரேட்டர் மாடல். மிக்ஜாம் புயலில் எங்கள் வேளச்சேரித் தெருவில் கதவின் கீழ்விளிம்பு வரை தண்ணீரில் நின்ற வண்டி. மழை எச்சரிக்கை வந்தாலே தெருவில் பாதிப் பேர் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் விடுவார்கள். நான்தான் பார்த்துக்கலாம் என்று இருந்துவிட்டேன். தண்ணீர் வடிந்ததும் கயிறு கட்டி இழுத்துப்போய் ஒரு பட்டறையில் விட்டேன். ஆயில், டைமிங் பெல்ட், கிராங்க் ஆயில் சீல் எல்லாம் மாற்றித் தந்தார்கள். சில வாரம் குறையில்லாமல் ஓடியது.

வீட்டுக்கு வந்ததும் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். அளவு சரி. தண்ணீர் கலந்திருந்தால் பால் டீ நிறத்தில் இருக்கும், அப்படியும் இல்லை. ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கும் உடனே அணைகிறது. அப்புறம் ஏன் தட்டுகிறாய்?

6 ஜனவரி, சனி

அதே பட்டறை. பானெட்டைத் தூக்கி, பத்து வினாடி கேட்டு, “பிக் எண்ட் போச்சு மேடம். என்ஜின இறக்கணும். முப்பத்தெட்டு ஆகும்” என்றார். ஆயிரத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு. பிக் எண்ட் என்றால், பிஸ்டனிலிருந்து வரும் கனெக்டிங் ராட், என்ஜினின் சுழலும் தண்டான கிராங்கைப் பிடிக்கும் இடத்துப் பேரிங். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். “இருபது வருஷமா சத்தம் கேக்குறேன்” என்றார். நானும் இருபது வருஷமாக பிசிக்ஸ் டியூஷன் எடுக்கிறேன். ஸ்டெப் போடாமல் விடை எழுதினால் மார்க் கிடையாது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனாலும் பயம்தான். வெள்ளத்தில் சிலிண்டருக்குள் தண்ணீர் போய், அதோடு என்ஜினைச் சுற்றியிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாதே. ராட்தான் வளைந்துகொடுக்கும்.

8 ஜனவரி, திங்கள்

காலையிலிருந்து மழை. டியூஷன் இல்லை. போர்ட்டிகோவில் வண்டியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

கிளட்சை மிதித்தேன். சத்தம் மாறவில்லை. அப்படியென்றால் கியர்பாக்ஸ், ரிலீஸ் பேரிங் இரண்டும் இல்லை. ஃபேன் பெல்ட்டைக் கழற்றினேன். (இந்த வண்டியில் ஃபேன் கரண்ட்டில் சுற்றுகிறது, ஆனாலும் அதன் பெயர் ஃபேன் பெல்ட்தான்.) அது போனால் ஆல்டர்னேட்டரும் வாட்டர் பம்பும் சுற்றாது. அரை நிமிடம் மட்டும் ஓட்டினேன். டொக் டொக் அப்படியே இருந்தது.

அடுத்து பிளக் வயர். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டராகப் பிடுங்கினேன். பிக் எண்ட் போயிருந்தால், கெட்டுப்போன அந்த ஒரு சிலிண்டரின் வயரை எடுக்கும்போது தட்டல் அமுங்க வேண்டும். அங்கே வெடிப்பு இல்லாததால் ராட் மேல் அடி விழாது, அதனால்தான். முதல் வயரை எடுத்தேன். என்ஜின் நடுங்கியது, சத்தம் நொண்டியது: டொக் டொக்… டொக் டொக்… இரண்டாவதை எடுத்தாலும் அதே நொண்டல். மூன்றாவதிலும் அதே. எந்த ஒன்றும் குற்றவாளி இல்லை, அல்லது மூன்றுமே கூட்டுக் களவாணிகள்.

சைலன்சர் வழியில் புகையைச் சுத்தமாக்கும் கேடலிட்டிக் கன்வர்ட்டர் உள்ள வண்டியில் இந்த வயர் விளையாட்டு வேண்டாம். எரியாத பெட்ரோல் அதற்குள் போய்ச் சூடேற்றிக் கெடுத்துவிடும்.

கடைசியாக நீள ஸ்குரூ டிரைவரை என்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். மேலே, வால்வுகளை அமுக்கும் டேப்பட் பக்கம் சன்னமாக, டைமிங் பெல்ட்டை மூடியிருக்கும் டைமிங் கவர் பக்கம் காதே அதிரும்படி.

9 ஜனவரி, செவ்வாய்

பஸ் ஸ்டிரைக். ஆனாலும் பிளஸ் டூ பையன் ஒருவன் சைக்கிளில் வந்துவிட்டான். மார்ச் 1 பொதுத்தேர்வு. அலைகள் பாடத்தை விட்டுவிட்டு அவனை போர்ட்டிகோவுக்கு இழுத்துப் போனேன்.

அவன் போன் சைலன்சர் வாயில், என் போன் டைமிங் கவர் பக்கத்தில். இரண்டிலும் ரெக்கார்ட் போட்டு, நடுவில் நின்று கையைத் தட்டினேன், இரண்டையும் பிற்பாடு பொருத்திப் பார்க்க. பிறகு ரெக்கார்டுகளை வேகம் குறைத்துப் போட்டுக் கேட்டு, பேப்பரில் கோடு போட்டு எண்ணினோம். நாலு வினாடியில் சைலன்சரில் புஸ் புஸ் 88. தட்டல்? இரண்டு முறை எண்ணினோம். அதுவும் 88.

அவன் முகத்தைப் பார்த்தேன். “அப்போ மூணு சிலிண்டருக்கும் தட்டுதா மிஸ்?” என்றான். சரியாகப் பிடித்தான். நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறை வெடிக்கும். மூன்று சிலிண்டர் என்றால் இரண்டு சுற்றுக்கு மூன்று புஸ். வினாடிக்கு 22 புஸ் என்றால் நிமிடத்துக்கு 880 சுற்று. ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் நிற்கும்போது இந்த வண்டிக்குச் சரியான ஸ்லோ ஸ்பீடுதான். ஒரே ஒரு டேப்பட் தளர்ந்திருந்தால் நாலு வினாடியில் முப்பதுக்குள் கேட்டிருக்கும். ஒரு பிக் எண்ட் என்றால் அதிகபட்சம் சுற்றுக்கு ஒன்று, அறுபதுக்குள் முடிந்திருக்கும். எண்பத்தெட்டுக்கு எண்பத்தெட்டு என்றால் ஒவ்வொரு வெடிப்பின் அதிர்விலும் வேறு எதுவோ ஆடுகிறது. மூன்றுக்கும் பொதுவான எதுவோ.

எது என்று தெரியவில்லை. ஆனால் முப்பத்தெட்டாயிரம் இல்லை என்று தைரியம் வந்துவிட்டது.

11 ஜனவரி, வியாழன்

விடிகாலை ஐந்தரைக்கு, தெருவெல்லாம் மார்கழிக் கோலம் போட்டுக்கொண்டிருக்க, மெதுவாக உருட்டிக்கொண்டு புதுப்பேட்டை போய்ச் சேர்ந்தேன். தெரிந்தவர் சொன்ன பாய் பட்டறை. மூன்று கார் நிற்கும் இடம், அதில் இரண்டில் டயர் இல்லை.

பாய் அறுபதைத் தாண்டியவர். நான் பேப்பரை நீட்டி 88 கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, “டீச்சரம்மா, எண்ணுனது சரி. வா, கண்ணால காட்டுறேன்” என்றார்.

டைமிங் லைட்டை பேட்டரியில் மாட்டி, கொக்கியை முதல் பிளக் வயரில் போட்டார். கியர்பாக்ஸ் மேலிருந்த ரப்பர் மூடியை எடுத்தார். உள்ளே ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தில் ஒரு கோடு. ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் லைட் மின்னுவதால் அந்தக் கோடு அசையாமல் நிற்பதுபோலத் தெரிய வேண்டும். நிற்கவில்லை. கொதிக்கும் தண்ணீரில் கடுகு மாதிரி முன்னும் பின்னும் குதித்தது. பட்டறைப் பையனை ஆக்ஸிலேட்டர் கொடுக்கச் சொன்னார். கோடு சட்டென்று ஒரே இடத்தில் நின்றது. சத்தமும் நின்றது.

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டோடு சுற்றுவது, ஃப்ளைவீல் கிராங்கோடு சுற்றுவது. கிராங்கையும் கேம்ஷாஃப்ட்டையும் இணைப்பது டைமிங் பெல்ட். கோடு குதிக்கிறது என்றால் இரண்டுக்கும் நடுவே எங்கோ இடைவெளி. பாய் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டை ஆட்டிப் பார்த்தார், ஆட்டமில்லை. பிறகு கீழே படுத்து கிராங்க் முனையின் பெரிய போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டார். நெம்பவே வேண்டியிருக்கவில்லை, ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி திரும்பி வந்தது.

டைமிங் பெல்ட்டை ஓட்டும் சின்னப் பல்சக்கரத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். உள்பக்கம் முழுக்க செங்கல் நிறத்தில் துருப்பொடி. கிராங்கோடு அதைப் பூட்டும் ‘கீ’ ஒரு பக்கம் படிக்கட்டு மாதிரி தேய்ந்திருந்தது. சக்கரத்தின் வெட்டு, கீயை விட ஒரு நகக்கனம் அகலம்.

சீல் மாற்றும்போது இந்த போல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும். திரும்ப மாட்டியவர் சரியாக முறுக்கவில்லை, அவ்வளவுதான். திருகையில் கைப்பிடிக் குச்சி தளர்ந்திருந்தால் மெதுவாகச் சுற்றும்போது கடகட என்று அடிக்கும், வேகம் எடுத்தால் அடங்கிவிடும். அதே கதை. ஸ்லோ ஸ்பீடில் ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க் முன்னே பாய்ந்து, அடுத்ததற்குள் தயங்குகிறது. அந்த நகக்கன இடைவெளியில் கீ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதிக்கொண்டே இருந்திருக்கிறது.

“கீ அறுந்திருந்தா கிண்டி பாலத்து மேல நின்னிருப்ப” என்று திட்டினார். வாங்கிக்கொண்டேன். கிராங்கில் உள்ள வெட்டு பெரிதாகச் சேதமில்லை, என்ஜின் இறக்க வேண்டாம் என்றார். ஆனால் புதுச் சக்கரம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் உடனே இல்லை, பொங்கல் கழித்துத்தான் என்றார்கள். பழைய சாமான் கடைகளில் கிடைத்த இரண்டையும் பாய் நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பறக்கும் ரயிலில் திரும்பினேன். பாதை வேலையால் 2024 ஜனவரியில் அது சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுவிட்டது; புதுப்பேட்டையிலிருந்து ஏறும் எனக்கு மட்டும் அது வசதி.

14 ஜனவரி, ஞாயிறு

போகி. தெருவெல்லாம் புகை. வண்டி இல்லை. எழுத வேறொன்றுமில்லை.

18 ஜனவரி, வியாழன்

சக்கரம் வந்துவிட்டது. புதுக் கீயை பாய் அரத்தில் ஒரு இழுப்பு, மாட்டிப் பார்ப்பு, இன்னொரு இழுப்பு என்று முக்கால் மணி நேரம் ராவினார். கையால் தள்ளினால் போகக்கூடாது, சின்னச் சுத்தியலால் தட்டினால்தான் போக வேண்டும். அதுதான் அவர் அளவு. போல்ட் மரையைப் பெட்ரோலில் கழுவி, இறுகிப் பிடிக்கும் பசையில் இரண்டு சொட்டு. ஃப்ளைவீல் பல்லில் பையன் ஸ்குரூ டிரைவரை முட்டுக் கொடுக்க, டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்று சொல்லும்வரை முறுக்கினார். பெல்ட்டின் குறிகளை இரண்டு முறை சரிபார்த்தார்.

ஸ்டார்ட் செய்தோம். டொக் டொக் இல்லை. அது போனதும் அதுவரை மறைந்திருந்த டேப்பட் சத்தம் டிக் டிக் என்று வெளியே வந்தது. “அதையும் பாத்துடலாம்” என்று ஆறிய பிறகு 0.15 மி.மீ. தகட்டை விட்டு இடைவெளியைச் சரிசெய்தார். டைமிங் லைட்டில் கோடு ஆணி அடித்த மாதிரி நின்றது. எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய்.

போல்ட் அசைந்தால் தெரியட்டும் என்று, கிளம்பும்போது கைப்பையில் இருந்த சிவப்பு நெயில் பாலிஷைக் கொடுத்தேன். போல்ட் தலையிலிருந்து சக்கரம் வரை ஒரே கோடாக இழுத்துவிட்டார்.

21 ஜனவரி, ஞாயிறு

புத்தகக் காட்சியின் கடைசி நாள். நந்தனம் போய்வந்தேன். சைதாப்பேட்டை சிக்னலில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டேன். பின்சீட்டில் புத்தகப் பை சரிந்த சத்தம் மட்டும்.

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சிவப்புக் கோடு விலகவில்லை.