கனகாம்பரம் காய்ந்தது: மண்ணா, நாற்றா?

மானூர்ப் பக்கம் எங்கள் வீட்டுப் புறவாசலில் போன கார்த்திகையில் ஒரு பாத்தி கனகாம்பரம் மொத்தமும் போய்விட்டது. இலை வெளுத்து, ஓரம் இளஞ்சிவப்பும் பழுப்புமாகி, ஒரே வாரத்தில் தொங்கியது. பிடுங்கினால் வேர்த்தோல் விரலோடு உரிந்து வருகிறது. வாடல் நோய். ஃபுசேரியம் சொலானி என்ற பூஞ்சையின் வேலை. வேரைக் குடையும் நூற்புழுவும் அதற்குக் கூட்டு. ஆச்சி மட்டும் "தண்ணி காணாதுடே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எந்த ரகம் தாங்கும் என்று பார்க்க அந்த மண்ணையே 24 தொட்டிக்கு அள்ளினேன். பூஞ்சை சாகட்டும் என்று பாதியை நனைத்து, நிறமில்லாத பாலிதீனால் மூடி, சித்திரை வெயிலில் 6 வாரம் வேகவிட்டேன். மீதி அப்படியே. நாட்டு ஆரஞ்சு, மஞ்சள், டெல்லி; ரகத்துக்கு நோய் மண்ணில் 4, வெந்த மண்ணில் 4.

முதல் இரண்டுக்கும் மதினி காய்ந்த கதிர் கொடுத்தாள். அதில் தண்ணீர் தெளித்தால் காய் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். வாளியை மூட மறந்ததில், ஒரு சாயங்காலம் முழுக்கத் திண்ணை இடுக்கில் விதை பொறுக்கினேன். டெல்லி விதை வைக்காது, குச்சி வைத்துத்தான் வளர்க்க வேண்டும். அதனால் ஒரு பண்ணையில் 8 நாற்று வாங்கினேன். அங்கேதான் சறுக்கல்.

ஐப்பசி மழையில் நோய் மண்ணில் நின்ற டெல்லி நாலும் போயின. ஆரஞ்சில் 2, மஞ்சளில் 1. 'டெல்லி தாங்காது' என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டாயிற்று. மறுவாரம் பார்த்தால் வெந்த மண்ணிலும் ஒரு டெல்லி தலை தொங்கி நிற்கிறது!

தொட்டியைக் கவிழ்த்தேன். பண்ணையிலிருந்து வந்த மண் உருண்டை கலையாமல் அப்படியே இருந்தது. அதற்குள் இருந்த வேர்தான் அழுகல். அதைத் தாண்டி என் மண்ணுக்குள் போன நுனிகள் நல்ல வெள்ளை. நோய் நாற்றோடேயே வந்திருக்கிறது. அப்புறம் எப்படி டெல்லியைக் குறை சொல்வது? அடிக்கோட்டை அடித்துவிட்டேன். மஞ்சளைப் பற்றியும், நாலு செடியை வைத்துக்கொண்டு பெரிதாகப் பேச முடியாது.

பழைய பாத்தியில் இப்போது கேந்தி, அதாவது துலுக்கச் சாமந்தி. அதன் வேர் நூற்புழுவைக் குறைக்கும். பூவும் ஆகும் என்பதால் ஆச்சிக்குச் சம்மதம். பிழைத்த மூன்று டெல்லியிலிருந்து 12 குச்சி வெட்டி, கொதிக்க வைத்த ஆற்று மணலில் ஊன்றியிருக்கிறேன். 9 துளிர்த்திருக்கின்றன. மணல் கொதித்த பானையை ஆச்சி இன்னும் அடுக்களைக்குள் விடவில்லை.