பனங்காட்டில் கோடை

ஏப்ரல் 20
உடன்குடிக்கு வந்து சேர்ந்தோம். காலை ஒன்பது மணிக்கே தேரி மணல் செருப்பைத் தாண்டிச் சுடுகிறது. வந்ததும் வராததுமாக என் மகன் தாத்தாவின் நெஞ்சைத் தடவிப் பார்த்தான். பனையோடு உரசி உரசிக் கறுத்த தோல். மரம் ஏறுவதை விட்டு வருஷங்கள் ஆகியும் அந்தக் காய்ப்பு போகவில்லை.

ஏப்ரல் 22
விடியுமுன் அப்பாவோடு பனங்காட்டுக்குப் போனோம். இப்போது ஏறுவது சித்தப்பா மகன். அப்பா கீழே நின்று பேரனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆண்பனை, பெண்பனை இரண்டிலும் பதநீர் இறங்கும். நுங்கு பெண்பனையில் மட்டும். பதநீருக்கென்று சீவத் தொடங்கிய பாளையில், அதாவது பூங்குலையில், நுங்கை எதிர்பார்க்கக் கூடாது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும்.

பாளையைத் தினமும் சீவ வேண்டும். விட்டால் வாய் காய்ந்து ஊறல் நின்றுபோகும். அதனால் பனை சீசனில் அப்பா எந்தக் கல்யாணத்துக்கும் வெளியூரில் தங்கியதில்லை. என் பள்ளி ஆண்டு விழாவுக்கும் வந்ததில்லை. அப்போது எனக்கு அது பெரிய மனத்தாங்கல். இன்று அண்ணாந்து பார்த்தேன். தம்பி கால்களில் நார் வளையத்தை மாட்டிக்கொண்டு அந்த உச்சிக்குப் போவதைப் பார்க்கவே அடிவயிறு கலங்கியது. இப்படி எத்தனை மரம், காலையும் மாலையும்! அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னம்மா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

அப்புறம் ஓலைப்பட்டையில் பதநீர், அதில் நுங்கு. மகன் மூக்கு நனையக் குடித்தான்.

ஏப்ரல் 23
புழுக்கம். இலை அசையவில்லை.

ஏப்ரல் 26
சாயங்காலம் பனைகளைச் சுற்றி உழவாரன் குருவிகள். காய்ந்து தொங்கும் காவோலையின் அடியில் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும் குருவி இது. கூடு இருக்கிற ஓலையை அப்பா வெட்டமாட்டார். "குஞ்சு பறக்கட்டும், ஓலை எங்கே போகப்போகுது" என்பார். அடுப்புக்கு ஓலை குறைந்தால் அம்மாவிடம் பேச்சு வாங்குவார், ஆனாலும் வெட்டமாட்டார். இந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஏப்ரல் 29
பனையேறி வீடு என்றுதான் ஊரில் எங்களைச் சொல்வார்கள். ஆனால் இறக்கிய பதநீரைக் கருப்பட்டியாக்கியது அம்மா. பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலிக்குள் புகையில் கண் எரிய எரிய மணிக்கணக்கில் துழாவுவாள். பள்ளி விட்டு வந்து நான் பார்த்த அம்மா பெரும்பாலும் அந்தப் புகைக்குள்தான் இருந்தாள். அவள் வேலைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இன்று சித்தி காய்ச்சும்போது அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் ஆகணும்." சித்தி மறுபேச்சுப் பேசவில்லை. சிரட்டைகளில் ஊற்றும்போது சுக்கு வாசம் காடெல்லாம் வீசியது.

"சென்னைக்கு எத்தனை கிலோ வேணும்னு இப்பவே சொல்லிரு" என்றாள் அம்மா. "ஆடி பொறந்தா கேட்டாலும் கிடைக்காது."