கண்டவர்களும் வந்து உட்காரட்டும்

தெரு, பூங்கா, பஸ் ஸ்டாப் இவற்றை வடிவமைப்பதுதான் என் வேலை. இந்த வேலையில் எல்லாக் கூட்டத்திலும் தவறாமல் காதில் விழும் வாசகம் ஒன்று உண்டு. "பெஞ்ச் போட்டா கண்டவனும் வந்து படுப்பான் மேடம்." டிராயிங்கை மேஜையில் விரித்து, எது நடைபாதை எது மரக்குழி என்று காட்டி முடிப்பதற்குள் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். சொல்பவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, ராத்திரி பதினோரு மணிக்கு யாராவது புகார் சொல்லி போன் செய்தால் எடுக்க வேண்டியவர் அவர்தான். ஆனால் அந்த ஒரு வாசகத்தால் ஊரில் எத்தனை பெஞ்சுகள் வரைபடத்தோடு நின்றுபோயின, எத்தனை பெஞ்சுகளுக்கு நடுவில் கம்பி முளைத்தது என்று நினைத்தால் மனசு கஷ்டப்படும்.

யார் அந்தக் கண்டவன்? ஏதாவது ஒரு கடைவீதியில் மத்தியான நேரத்தில் போய் நின்று பார்த்தால் தெரியும். ஒரு வீட்டில் வேலை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும் அக்கா, நடுவில் தன் வீட்டுக்குப் போய்வர முடியாது, போக வேறு இடமும் இல்லை. ஆர்டர் வரும்வரை பைக்கிலேயே சாய்ந்து கிடக்கும் டெலிவரி பையன்கள். ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு வெளியே நிற்கும் வெளியூர்க்காரர்கள். பேரனின் பள்ளி விடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னாடியே வந்துவிடும் தாத்தாக்கள். பூட்டிய கடையின் படி, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துத் திட்டு, ஏதோ ஒரு வீட்டின் சாய்தளம் என்று கிடைத்த இடத்தில் இவர்கள் எப்படியும் உட்காரத்தான் செய்கிறார்கள். நாம் பெஞ்ச் போடாவிட்டால் யாரும் மறைந்துவிடுவதில்லை, வசதியில்லாமல் உட்காருவார்கள், அவ்வளவுதான்.

ஒரு பொது இடம் நல்ல இடமா என்று கேட்டால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: காசு கொடுத்து எதுவும் வாங்காமல், யாரும் "என்ன வேணும்?" என்று கேட்காமல், ஒரு ஆள் அங்கே எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது? தரைக்கு என்ன கல் போட்டார்கள், இரவில் எத்தனை கலர் விளக்கு எரிகிறது என்பதெல்லாம் அப்புறம்.

இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கும் பகுதி. தெருவின் வரைபடத்தை ஒரு அட்டையில் செருகிக்கொண்டு, மணிக்கு ஒருமுறை நடந்து, யார் எங்கே நிற்கிறார், எங்கே உட்கார்ந்திருக்கிறார், ஆணா பெண்ணா, வெயிலா நிழலா என்று புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். மேற்கு மாம்பலத்தில் வடக்கு தெற்காக ஓடும் ஒரு தெருவில் இப்படிச் சுற்றிக்கொண்டிருந்தபோது பூக்காரம்மா ஒருவர் கூப்பிட்டு என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். நிழல் எங்கே விழுகிறது என்று குறிக்கிறேன் என்றேன். "அதுக்கு எதுக்கும்மா பேப்பரு, என் கூடையப் பாத்தாலே தெரியுமே" என்றார். உண்மைதான். காலையில் கிழக்குப் பக்கம் வரிசைக் கடைகளின் நிழலில் கூடை இருக்கும். உச்சி நேரத்தில் கட்டடங்களின் நிழல் சுவரோரமாகச் சுருங்கிவிடும், அப்போது கூடை தெருமுனைப் புங்கமரத்தடிக்குப் போய்விடும். மூன்று மணிக்கு மேல் மேற்குப் பக்கத்துக் கட்டடங்கள் நிழல் கொடுக்க ஆரம்பித்ததும் அந்தப் பக்கத்து பேங்க் படிக்கட்டு. "பெஞ்சு போடுறதுன்னா அந்த மரத்தைச் சுத்திப் போடு கண்ணு, வெயில்ல போட்டா காக்காதான் உக்காரும்" என்றும் சொன்னார். அவருடைய கூடை போன பாதையை அப்படியே எங்கள் நிழல் வரைபடத்தில் ஏற்றினோம், பெஞ்ச் எங்கே வர வேண்டும் என்பது அதிலிருந்தே முடிவாயிற்று.

இப்படி நின்று பார்ப்பதைப் பெரிய ஆய்வாகவே செய்தவர் நியூயார்க்கின் வில்லியம் ஒயிட். அந்த ஊரில் 1961ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: கட்டடத்துக்கு முன்னால் பொதுமக்களுக்கு என்று திறந்தவெளி விட்டால் கூடுதலாக மாடி கட்டிக்கொள்ளலாம். கட்டடக்காரர்களும் விட்டார்கள், ஆனால் பல இடங்கள் காலியாகவே கிடந்தன. ஒயிட் 1970களில் கேமராவை வைத்து நாள் முழுக்கப் படம் பிடித்துப் பார்த்தார். சதுக்கத்தின் அழகோ வடிவமோ பெரிய வித்தியாசம் செய்யவில்லை, உட்கார இடம் இருந்த இடத்தில்தான் ஆட்கள் உட்கார்ந்தார்கள் என்று தெரிந்தது. கேட்டால் இதெல்லாம் யாருக்குத்தான் தெரியாது என்று தோன்றும். ஆனால் விதியை மாற்ற ஆதாரம் வேண்டும், அவர் ஆதாரம் கொடுத்தார், 1975ல் உட்காரும் இடம் கட்டாயம் என்று விதி திருத்தப்பட்டது. அவர் கவனித்த இன்னொன்று எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஆட்கள் விரும்பி வரும் இடங்களில் பெண்களின் பங்கு அதிகமாக இருந்தது, பெண்கள் குறைந்த இடத்தில் ஏதோ சரியில்லை என்று பொருள்.

இதை நம் ஊரில் வைத்துப் பார்க்கலாம். ஒரு பெண் தனியாக, கையில் எந்த வேலையும் இல்லாமல், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கக்கூடிய இடம் எது? கோயில் பிராகாரம், குளத்துப் படிக்கட்டு, கடற்கரை, அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்குள். டீக்கடை பெஞ்ச் நம் ஊரின் உயிருள்ள பொது இடங்களில் ஒன்று, ஆனால் அதில் எத்தனை பெண்களைப் பார்த்திருக்கிறோம்? நான் புள்ளி வைத்த தெருக்கள் பலவற்றில் பெண்கள் நடக்கிறார்கள், நிற்கிறார்கள், உட்காருவது மட்டும் இல்லை. வெளிச்சம் சரியாக இருந்து, எதிரில் கடை திறந்திருந்து, பெஞ்ச் சுவர்ப்பக்கம் முகம் திருப்பாமல் தெருவைப் பார்த்து இருந்தால் இந்த நிலை மாறுவதையும் பார்த்திருக்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு இட்லிக்கடை வண்டி தெருமுனையில் நின்றால் அந்தத் தெருவில் நடப்பதற்கு வரும் தைரியம், நான்கு கேமரா பொருத்தினாலும் வராது. சாலையோர வியாபாரிகளுக்கு 2014ல் சட்டமே வந்துவிட்டது, விற்பனைக்கு என்று இடம் குறித்துக் கொடுக்க வேண்டும் என்கிறது. இருந்தும் எஸ்டிமேட்டில் தள்ளுவண்டிக்கு இடம் கேட்டால் "அது என்கிரோச்மென்ட் மேடம்" என்றுதான் பதில் வருகிறது.

தி.நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். ஆள்மேல் ஆள் இடித்துக்கொண்டு போன சாலையில் நடைபாதை அகலமாகி, இருக்கைகள் வந்தன. இன்றைக்கும் ஒரு சாயங்காலம் அங்கே போனால் ஜவுளிக்கடைப் பைகளைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். எதுவும் வாங்காமல் ஐஸ்கிரீமோடு மட்டும் உட்கார்ந்திருப்பவர்களும் இருப்பார்கள். எனக்கு அவர்களைப் பார்த்தால்தான் சந்தோஷம். கடைவீதித் தெருவில் நடைபாதையை அகலப்படுத்தலாம் என்றதும் பார்க்கிங் போனால் வியாபாரம் போய்விடும் என்ற பயம் எல்லா ஊரிலும் வரும், அதைத் தப்பு சொல்ல முடியாது. ஆனால் ஒரு கார் நிறுத்த பன்னிரண்டு, பதின்மூன்று சதுர மீட்டர் வேண்டும், அதில் வருவது ஒன்றிரண்டு பேர். அதே இடத்தில் இரண்டு பெஞ்சும் ஒரு மரமும் வைத்தால் நாள் முழுக்க எத்தனை பேர் வந்து போவார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். சில கடைக்காரர்கள் அதன் பிறகு யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அகலமான நடைபாதை வந்ததும் கூடவே பைக்கும் ஏறும். அதைத் தடுக்க பொல்லார்ட் என்ற குட்டைக் கம்பங்களை நடுவோம். இங்கேதான் எங்கள் துறையின் பெரிய தலைவலி. சக்கர நாற்காலி தடையில்லாமல் போக 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். பைக்கின் ஹேண்டில்பார் அதைவிடக் குறைவான அகலம்தான். ஆக, சக்கர நாற்காலி போகும் இடத்தில் பைக்கும் போகும், பைக்கை மறிக்கும் இடைவெளியில் சக்கர நாற்காலியும் மாட்டிக்கொள்ளும். கம்பியை நெருக்கி நட்டு இதைத் தீர்க்கப் பார்ப்பவர்களோடு நான் சண்டை போடுவேன். பைக் ஏறினால் அபராதம் போட ஆள் வேண்டும், சக்கர நாற்காலியில் வருபவரை வீட்டிலேயே உட்காரவைப்பது தீர்வாகாது.

நடைபாதை பற்றி, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி தெளிவாகவே இருக்கிறது. குறைந்தது 1.8 மீட்டர் எந்தத் தடையும் இல்லாமல் நடக்க விட வேண்டும், உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. சென்னையில் பல தெருக்களில் மழைநீர் வடிகாலின் மூடிதான் நடைபாதை, எனவே வடிகாலின் லெவல் என்னவோ அதுதான் நடைபாதையின் லெவல். அது முழங்கால் உயரம் வந்தால் வயசானவர்கள் ஏற மாட்டார்கள், ரோட்டிலேயே நடப்பார்கள். அதைவிடப் பெரிய பிரச்சனை வீட்டு கேட்டுகள். ஒவ்வொரு கேட்டுக்கும் நடைபாதை இறங்கி மறுபடி ஏறும். நூறு மீட்டருக்குள் பத்து முறை ஏறி இறங்க யாருக்கு முழங்கால் இருக்கிறது? செய்ய வேண்டியது தலைகீழ்: நடைபாதை ஒரே மட்டத்தில் போக வேண்டும், கார்தான் சாய்தளத்தில் ஏறி இறங்க வேண்டும். இதை டிராயிங்கில் எத்தனை தடவை வரைந்து கொடுத்தாலும், சைட்டில் கான்கிரீட் போடும் நாளில் வீட்டுக்காரர் வெளியே வந்து மேஸ்திரியிடம் பேசினால் முடிந்தது, நடைபாதை இறங்கிவிடும். எனவே கான்கிரீட் போடும் அன்று சைட்டில் நிற்பதை நான் விடுவதில்லை.

பூங்காவுக்கு வந்தால் சுவர். நம் ஊரில் பூங்கா என்றாலே முதலில் காம்பவுண்ட் சுவர், மேலே ஈட்டிக் கம்பி, ஒரே ஒரு கேட், அதுவும் மத்தியானம் பூட்டு. பாதுகாப்புக்காக என்று சொல்வார்கள். நியூயார்க்கின் பிரையன்ட் பூங்காவிலும் உயரமான வேலிப் புதர்களும் இரும்புக் கிராதியும் இருந்தன, உள்ளே நடப்பது வெளியே தெரியாது, அந்த மறைவில்தான் போதைப்பொருள் விற்பனை நடந்தது. ஒயிட் அங்கேயும் போய்ப் பார்த்துவிட்டு, மறைப்பை எடுங்கள், வழிகளைத் திறந்துவிடுங்கள் என்றார். 1988ல் மூடி வேலை பார்த்து 1992ல் திறந்தபோது புதர் இல்லை, இழுத்துப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகள் வந்திருந்தன. இன்று அந்த நகரத்தில் கூட்டம் மொய்க்கும் இடங்களில் அது ஒன்று. ஆள் நடமாட்டமும் பார்வையும் உள்ள இடம்தான் பத்திரமான இடம். ஆகவே வார்டு பூங்காவில் சுவரை 45 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தாழ்த்திக் கேட்பேன். அந்த உயரத்தில் சுவரே பெஞ்சாகிவிடும், தனியாகச் செலவில்லை.

மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டார்கள். சென்னையிலேயே வாழ்ந்தும் அலைக்குப் பக்கத்தில் போகாதவர்கள் சக்கர நாற்காலியில் அங்கே போய் நின்றார்கள். மணலில் சக்கரம் ஓடாது என்ற ஒரே காரணத்துக்காக இத்தனை காலம் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அந்தப் பாதையைச் சேதப்படுத்தியது, அப்புறம் சரிசெய்தார்கள். புயல் வந்ததும், கட்டியது வீண்செலவு என்று பேசியவர்களைக் கேட்டிருக்கிறேன். ரோடும்தான் ஒவ்வொரு மழைக்கும் பிய்ந்துபோகிறது, ரோடு வீண் என்று யாரும் சொல்வதில்லையே!

பணம் இல்லை என்ற வாதத்தையும் நான் முழுசாக ஏற்பதில்லை. 2014லேயே சென்னை மாநகராட்சி, போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும் என்று கொள்கை வகுத்தது. இந்தியாவில் அப்படி முதலில் செய்த நகரம் நம்முடையது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் தடையில்லாத நடைபாதை என்பது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று சொல்லிவிட்டது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. எங்கள் மேஜைக்கு வரும்போது அது பேவர் பிளாக்கின் கலராகவும் திறப்பு விழாக் கல்லாகவும் சுருங்கிவிடக்கூடாது என்றுதான் ஒவ்வொரு கூட்டத்திலும் தொண்டை வற்றப் பேசுகிறோம்.

இப்போது நான் விடாப்பிடியாக நிற்பது பராமரிப்புக் கணக்கில். புங்கங்கன்று நட்டால் முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். மரக்குழி ஒரு மீட்டருக்குக் குறையாமல், கான்கிரீட் மூடாமல் இருக்க வேண்டும், கேபிளுக்காகத் தோண்டுபவர் வேரை வெட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேர் வெட்டுப்பட்ட மரம் அடுத்த பெருங்காற்றைத் தாங்காது, 2016 வர்தா புயலுக்கு அடுத்த நாள் ஊர் எப்படிக் கிடந்தது என்று பார்த்தவர்களுக்கு விழுந்த மரத்தின் விலை தெரியும். கட்டுமான டெண்டரோடு இந்த இரண்டு வருடத் தண்ணீரையும் கூட்டிப் பெருக்குபவரின் சம்பளத்தையும் சேர்த்தே ஒப்பந்தம் போடுங்கள், தனியாகப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்காதீர்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். கோப்பு நிதிப் பிரிவில் இருக்கிறது. திங்கட்கிழமை போய் மறுபடி கேட்க வேண்டும்.