டக்கர் என்பது குடும்பப் பெயர் அல்ல: வேல்ஸ் மூதாதை ஒருவரின் தொழிலைத் தேடிய அனுபவம்

போன வருடம் குடும்ப வரலாற்று ஆய்வைப் பகுதிநேரமாகப் படித்தேன். கடைசியாக எழுத வேண்டிய திட்டக் கட்டுரைக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: ஒரு மூதாதையின் தொழில் என்னவென்று மூல ஆவணங்களை வைத்து நிறுவ வேண்டும். என் கணவர் வேல்ஸ்காரர். கார்மார்தன்ஷயரில் டைவி ஆற்றுப் பக்கம் வாழ்ந்து 1740-களில் இறந்த அவருடைய மூதாதை ஒருவரை எடுத்துக்கொண்டேன். மதிப்பெண் நன்றாகவே வந்தது. ஆனால் முதல் மூன்று மாதங்கள் முழுக்க வீண். இதேபோன்ற ஆய்வில் இறங்கப்போகிறவர்களுக்கு அந்த மூன்று மாதங்களாவது மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

திருச்சபையின் அடக்கப் பதிவேட்டில் அவர் பெயர், அப்பா பெயர், அதற்குப் பின்னால் 'டக்கர்' என்று ஒரு சொல், அவ்வளவுதான் இருந்தது. டக்கர் என்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்து மாவட்டமான பெம்ப்ரோக்ஷயரில் அந்தப் பெயரில் உண்மையாகவே குடும்பங்கள் இருந்ததால் சந்தேகமே வரவில்லை. அங்கிருந்த டக்கர்களுக்கெல்லாம் வம்சாவளி போட்டேன். ஒருவர்கூட நம் ஆளோடு ஒட்டவில்லை.

இதில் எனக்கு வருத்தம் அதிகம். ஏனென்றால் தமிழர்களான நமக்கு இது எளிதில் பிடிபட்டிருக்க வேண்டிய விஷயம். வேல்ஸில் அந்தக் காலத்தில் பெரும்பாலானவர்களுக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. நம் இனிஷியல் போல அப்பா பெயர்தான். 'ஆப்' என்றால் இன்னாருடைய மகன். ஆப் ஹவல் என்பது பவல் ஆனதும், ஆப் ரீஸ் என்பது பிரைஸ் ஆனதும் இப்படித்தான். 18-ஆம் நூற்றாண்டு அந்த மாற்றத்தின் நடுக்கட்டம். ஒரே ஊரில் ஒரே பெயரும் ஒரே அப்பா பெயரும் கொண்ட நான்கு பேர் இருந்தால், எழுதுகிற பாதிரியார் என்ன செய்வார்? ஊரையோ வீட்டையோ தொழிலையோ சேர்த்து எழுதுவார். ஆகவே பெயருக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு சொல் வந்தால், அது தொழிலாக இருக்குமோ என்று முதலில் யோசியுங்கள்.

தொழில் எழுதப்பட்டிருப்பதே ஓர் அதிர்ஷ்டம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஞானஸ்நானப் பதிவேட்டில் தந்தையின் தொழிலுக்கு என்று தனிக் கட்டம் வந்தது 1813-இல்தான். அதற்கு முன்னால் எழுதியவர் மனம்வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

சரி, டக்கர் என்றால் யார்? நெசவில் தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியை அடித்துக் கெட்டிப்படுத்துகிறவர். இதே வேலைக்கு ஆங்கிலத்தில் மூன்று பெயர்கள் இருந்தன: வடக்கே வாக்கர், தென்கிழக்கே ஃபுல்லர், தென்மேற்கே டக்கர். கடலுக்கு அக்கரையில் இருக்கும் டெவனிலும் சாமர்செட்டிலும் புழங்கிய சொல்தான் தெற்கு வேல்ஸிலும் வழங்கியது. வேல்ஸ் மக்களின் மொழியான வெல்ஷில் அவர் பன்னுர். அவர் வேலை செய்யும் ஆலை பண்டி. துணியை அடித்தலைக் குறிக்கும் சொல்லும் வீட்டைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்தது. டோனிபண்டி என்ற ஊர்ப் பெயரிலும் இருப்பது அதே பண்டிதான். ஊரார் வாயில் பன்னுராக இருந்த மனிதர் பதிவேட்டில் டக்கராக இருக்கிறார். ஆங்கிலச் சொல்லோடு நிறுத்திக்கொள்பவருக்குப் பாதி ஆள்தான் கிடைப்பார். வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் வரலாற்று அகராதி இணையத்தில் இலவசமாக இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டில் எங்கே எழுதப்பட்டது என்ற மேற்கோள்களோடு தருகிறது. தொழிற்பெயர் எதுவானாலும் அதில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தமிழில் குறிப்பெடுக்கிறவர்கள் இன்னொரு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். நான் முதலில் ஃபுல்லர் என்பதற்கு 'வண்ணார்' என்று எழுதி வைத்திருந்தேன். தமிழ் வேதாகமத்தில் மல்கியா 3:2-இல் 'வண்ணாருடைய சவுக்காரம்' என்று வருகிறதே, அந்தப் பழக்கம். அங்கே பொருள் வெளுப்பது என்பதால் அது பொருந்துகிறது. ஆனால் பன்னுரின் வேலை அழுக்கை நீக்குவதோடு முடிவதில்லை. தறியிலிருந்து வரும் கம்பளி தளர்வாகவும் எண்ணெய்ப் பிசுக்கோடும் இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட சிறுநீரும் ஒரு வகைக் களிமண்ணும் சேர்த்து, நீர்ச்சக்கரம் தூக்கிப் போடும் மரச் சம்மட்டிகளால் மணிக்கணக்கில் அடிப்பார்கள். பிசுக்கு போகும். அதோடு இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, துணி சுருங்கித் தடிக்கும். குளிரையும் மழையையும் தாங்கும் துணி அப்போதுதான் ஆகிறது. நம் பருத்தித் துணிக்கு இந்த வேலை தேவையே இல்லை. அதனால் நம்மிடம் இதற்கு நேரான தொழிற்பெயர் வழக்கில் இல்லை. அந்தக் களிமண்ணை மட்டும் நமக்குத் தெரியும்: முகத்துக்குப் பூசும் முல்தானி மிட்டிதான் ஆங்கிலத்தில் 'ஃபுல்லர்ஸ் எர்த்'.

இவ்வளவு தெரிந்த பிறகும், பதிவேட்டில் உள்ள ஒரு சொல்லை மட்டும் வைத்து 'இவர் பன்னுர்' என்று எழுதிவிட முடியாது. டக்கர் குடும்பப் பெயராகவும் இருக்கலாமே! சந்தேகத்தைத் தீர்த்தது அவருடைய உயில்.

1858-க்கு முன்னால் உயில்களைத் திருச்சபை நீதிமன்றங்கள்தான் உறுதிசெய்தன. வேல்ஸின் அந்த உயில்கள் அபெரிஸ்ட்வித்தில் உள்ள தேசிய நூலகத்தில் இருக்கின்றன. மூலப் படங்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். பெயரை வைத்து மட்டும் தேடாதீர்கள். நம் ஆள் அங்கே டக்கர் இல்லாமல், வெறும் அப்பா பெயரோடுதான் இருந்தார். திருச்சபை வட்டாரத்தின் பெயரையும் ஆண்டுகளையும் கொடுத்து, வருகிற எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். ஆண்டிலும் ஒரு கண்ணி உண்டு: 1752 வரை அங்கே சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. பிப்ரவரி 1746 என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1747. இதை மறந்தால், செத்த பிறகு உயில் எழுதியவர் போலத் தோன்றுவார்.

உயிலை விட மதிப்பானது அதோடு இணைத்திருந்த சொத்துப் பட்டியல். இறந்தவரின் வீட்டுக்குள் அக்கம்பக்கத்தார் சிலர் போய், இருக்கிற பொருளையெல்லாம் எண்ணி விலை போட்டு எழுதிய காகிதம். நூற்றாண்டின் பிற்பாதியில் இது அரிதாகிவிடுகிறது, அதனால் கிடைத்தால் விடாதீர்கள். நம் ஆளின் பட்டியலில் மாடு, கொஞ்சம் தானியம், படுக்கை எல்லாம் முதலில் வந்தன. அதுவரை பார்த்தால் சாதாரண விவசாயி. கடைசியில் 'ரேக்' என்றும், பிறகு பெரிய கத்திரி என்றும் இருந்தது. ரேக் என்றால் சாமான் வைக்கும் அடுக்கு என்று தாண்டிப் போய்விட்டேன். கத்திரியை ஆட்டு உரோமம் வெட்ட என்று நினைத்தேன்.

வழிகாட்டி ஆசிரியர்தான் கேட்டார்: "ஆடே இல்லாதவருக்கு அந்தக் கத்திரி எதற்கு?" பட்டியலை மறுபடி பார்த்தேன். உண்மையாகவே ஓர் ஆடுகூட இல்லை. அடித்த துணியைச் சுருங்காமல் இழுத்து மாட்டிக் காயவைக்கும் நீளமான மரச் சட்டத்துக்குத்தான் அந்த வட்டாரத்தில் ரேக் என்று பெயர். காய்ந்த துணியின் மேல் எழும்பும் மயிரைச் சமமாகக் கத்தரிக்கத்தான் அந்தக் கத்திரி. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெயர் மட்டுமாக இருந்தவர், மழை வருமா என்று வானத்தைப் பார்த்தபடி துணியை மாட்டுகிறவராக ஆகிவிட்டார்.

பட்டியலைப் படிக்கும்போது, இருக்கிற பொருள்களோடு, இருக்க வேண்டி இல்லாமல் இருப்பவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அவரிடம் தறியும் இல்லை. ஆகவே அவர் நெசவாளி இல்லை. மற்றவர்கள் நெய்த துணியைக் கூலிக்கு அடித்துக் கொடுத்தவர் என்று வாதிட முடிந்தது.

அப்புறம் நிலம். 1836-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தசமபாகக் கணக்குக்காக (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குக் கொடுப்பதுதான் தசமபாகம்) வரைந்த வரைபடங்களில் ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண் உண்டு; கூடவே உள்ள பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராகப் பெரும்பாலும் வயலின் பெயரும் இருக்கும். அவர் இறந்து சுமார் நூறு வருடம் கழித்து வரைந்ததாக இருந்தாலும், ஓடை ஓரத்தில் 'கை பண்டி' என்று ஒரு வயல் இருந்தது. 'கை' என்றால் வெல்ஷில் வயல். இதை ஆதாரமாக அல்ல, துணைச் சான்றாக மட்டும்தான் வைத்தேன்.

தொழில் பழகுநர்களுக்கான வரிப் பதிவேடுகளில் (1710 முதல் 1811 வரை) அவரைத் தேடியும் கிடைக்கவில்லை. அப்பாவிடமே தொழில் கற்ற பையனுக்குக் கட்டணமும் இல்லை, வரியும் இல்லை, பதிவும் இல்லை. கிடைக்காத தேடலையும் எங்கே, எந்த ஆண்டுகள் என்று கட்டுரையில் எழுதினேன். திருத்தியவர் அதைக் குறிப்பிட்டுப் பாராட்டியிருந்தார். அதேபோல், ஆவணம் சொல்வதை ஒரு பத்தியிலும், நான் ஊகிப்பதை அடுத்த பத்தியிலும் பிரித்தே எழுதினேன். கலந்து எழுதினால் படிக்கிறவருக்கு எது எதென்று தெரியாது. ஆறு மாதம் கழித்து நமக்கே தெரியாது.

நேரம் இருந்தால் கார்டிஃப் அருகே செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். 1760-இல் கட்டிய எஸ்கயர் மோயல் கம்பளி ஆலையைப் பெயர்த்து வந்து அங்கே அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். சொத்துப் பட்டியலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குள் நின்றபோதுதான், அந்தச் சில சொற்களுக்குப் பின்னால் எவ்வளவு உடல் உழைப்பு என்று புரிந்தது.

இப்போது அவருடைய தந்தையைத் தேடுகிறேன். 1733-க்கு முன்னால் நீதிமன்ற ஆவணங்கள் லத்தீனில் என்பதால், இந்த முறை டக்கரையும் பன்னுரையும் விட்டுவிட்டு, 'ஃபுல்லோ' என்ற லத்தீன் சொல்லைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.